தோட்டத்துக் காளானைச் சமைக்கும் முன்

அடுத்தடுத்து இரண்டு மழை பெய்தால் போதும், வேலூர், காட்பாடி பக்கத்துத் தோட்டங்களில் புல்லுக்கு நடுவே வெள்ளைக் குடைக்காளான் முளைத்துவிடும். தயவுசெய்து அதைக் கரையான் புற்றில் முளைக்கும், சாப்பிடக்கூடிய புற்றுக்காளான் என்று நம்பிச் சட்டியில் போடாதீர்கள்.

முதலில் அடியோடு தோண்டி எடுங்கள். மேலாகக் கிள்ளினால் பாதி அடையாளம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். புற்றுக்காளானின் தண்டு வேர்போல நீண்டு கரையான் கூடுவரை இறங்கும். குடையின் நடுவில் கூர்முனை இருக்கும். புல்தரையில் முளைக்கும் நச்சுக் குடைக்காளானுக்கு அந்த வேர் கிடையாது. மேலே பழுப்புச் செதில், தண்டில் நகரும் வளையம். இளசில் அடிமடிப்பு வெள்ளையாகவே இருக்கும், ஏமாறுவது அங்கேதான்.

அதனால் விரிந்த குடையின் தண்டை நறுக்கி, மடிப்பு கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் வைத்து, டம்ளரால் மூடி இரவு முழுக்க விடுங்கள். மடிப்பிலிருந்து உதிர்ந்து பச்சைத்தூள் படிந்தால் நச்சு. தின்றால் 1 முதல் 3 மணி நேரத்தில் வாந்தி, பேதி. வெள்ளைத்தூள் என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. உயிரைப் பறிக்கும் அமானிட்டா என்ற காளானுக்கும் வெள்ளைதான்; அடித்தண்டு பைபோன்ற உறைக்குள் இருக்கும். அந்த நஞ்சு கொதித்தாலும் காய்ந்தாலும் அழியாது. 6 மணி நேரம் கழித்தே பெரும்பாலும் வாந்தி தொடங்கும், நடுவில் தெளிந்ததுபோல் இருக்கும், பிறகு ஈரல் கெடும்.

காளானோடு போட்ட பூண்டு, மஞ்சள், வெள்ளிக்கரண்டி கறுக்கிறதா என்று பார்ப்பது எதற்கும் உதவாது. நத்தை தின்ற தடமும் அப்படித்தான்.

யாராவது தின்றுவிட்டால், வாந்திக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மிச்சக் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போங்கள், பிளாஸ்டிக் பையில் அழுகிவிடும். தின்ற நேரத்தை மருத்துவரிடம் சரியாகச் சொல்லுங்கள்.