மணி அடிக்காத வீடு

வீட்டிலேயே படிக்கிறேன் என்று சொன்னதும் முதலில் வரும் கேள்வி "அப்போ ஃபிரெண்ட்ஸ்?" என்பதுதான். அடுத்தது, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்பது. நண்பர்கள் இருக்கிறார்கள், ஏழு மணிக்கு எழுந்துவிடுவேன். இந்த நாலு வருஷத்தில் எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்த விஷயத்தை யாரும் கேட்டதில்லை: ஒரு பாடம் முடிந்துவிட்டது என்று யார் சொல்வது?

பள்ளியில் அதை மணி சொல்லிவிடும். பதினோரு வயது வரை நானும் பள்ளிக்குப் போனவள்தான். புரிந்ததோ இல்லையோ, மணி அடித்தால் புத்தகத்தை மூடலாம், அடுத்த டீச்சர் வந்துவிடுவார், பரீட்சை வரும், லீவு வரும், அடுத்த வகுப்பு வரும். வீட்டுக்கு வந்த முதல் வருஷம் இது எதுவுமே இல்லாமல் தவித்துப் போனேன். பின்னங்களில் ஒரு அத்தியாயத்தை ஆறு வாரம் விடாமல் போட்டுக்கொண்டிருந்தேன், போதும் என்று சொல்ல ஆளில்லை என்பதால். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வரும் சந்தோஷமும் காணாமல் போனது, ஏனென்றால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தது.

அம்மாதான் கணக்குச் சொல்லித் தருகிறார். இதில் ஒரு சிக்கல் உண்டு, வீட்டில் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்கும். டீச்சர் மேல் கோபம் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம், அம்மா மேல் கோபம் வந்தால் எங்கே போவது? ஒருநாள் காலையில் குறி மாற்றிப் போட்ட ஒரு சமன்பாட்டுக்காக ஆரம்பித்த சண்டை ராத்திரி சாப்பாடு வரை வந்தது. தட்டை வைத்தபடியே அம்மா, "மைனஸை இந்தப் பக்கம் கொண்டுவந்தா என்ன ஆகும்?" என்று கேட்டார். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றைக்கு அம்மாவும் அழுதார் என்பது அப்பா சொல்லித்தான் தெரியும். அதற்கப்புறம் நாங்கள் ஒரு ஒப்பந்தம் போட்டோம்: மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பாடம், எழுந்துவிட்டால் அவர் அம்மா மட்டும்தான். இந்த ஒரு விஷயம் எங்களைக் காப்பாற்றியது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனாலும் எப்போது எழுந்திருப்பது என்ற கேள்வி அப்படியே இருந்தது. அதற்கு வழி வானத்திலிருந்துதான் வந்தது.

ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் அப்பா ஒரு பழைய பைனாகுலரை எடுத்துக் கொடுத்தார். அப்போது வியாழன் கிரகம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கிழக்கே எழும். மறுநாள் காலையில் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளை அந்த நேரத்தில் தூங்கியாக வேண்டும், நான் பன்னிரண்டு வரை மாடியில் இருக்கலாம். கை நடுங்காமலிருக்க முழங்கைகளை மதில்மேல் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், ஒரு சின்ன வெள்ளை வட்டம், அதன் இரண்டு பக்கமும் ஊசியால் குத்தியது போல ஒளிப்புள்ளிகள். முதல் நாள் மூன்று தெரிந்தன. நோட்டில் நடுவே ஒரு வட்டம் போட்டு, இரண்டு புள்ளிகளை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் வைத்தேன். அடுத்த நாள் மூன்றுமே ஒரே பக்கம். அதற்கடுத்த நாள் மேகம். இன்னொரு நாள் இரண்டுதான் இருந்தன, பார்த்தது தப்போ என்று அரை மணி நேரம் நின்றுகொண்டே இருந்தேன்.

அந்தப் புள்ளிகள் வியாழனைச் சுற்றும் நிலாக்கள். தொலைநோக்கியில் பார்த்த கலிலியோவுக்கும் 1610 ஜனவரி 7 அன்று மூன்றுதான் தெரிந்திருக்கின்றன, நான்காவதையும் சேர்த்துப் பார்த்தது 13ஆம் தேதி. இதை நான் வரைய ஆரம்பித்துப் பல நாள் கழித்துத்தான் படித்தேன். முன்பே படித்திருந்தால் நான்கைத் தேடியிருப்பேன், காணாமல் போன ஒன்றுக்காக இவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டேன்.

அந்த நான்கு நிலாக்களில் பளிச்சென்று இருப்பது கனிமீடு. அது வியாழனை ஒருமுறை சுற்ற 7 நாளும் ஏறக்குறைய 4 மணி நேரமும் ஆகிறது. அதாவது இந்த வியாழக்கிழமை ராத்திரி இடது ஓரத்தில் நின்றால் அடுத்த வியாழக்கிழமையும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும். நோட்டின் பக்கங்களை வரிசையாகப் புரட்டிப் பார்த்தபோது அது ஊசலாடிவிட்டுத் தன் இடத்துக்கு வந்து சேர்வது தெரிந்தது. எனக்கு வாரம் திரும்பக் கிடைத்துவிட்டது போல இருந்தது, நிஜமாகவே கண் கலங்கியது. அன்றிலிருந்து ஒரு பாடத்தைத் தொடங்கும்போது இது ஒரு கனிமீடு, இது மூன்று கனிமீடு என்று எழுதி வைக்கிறேன். அந்தக் கணக்கு தீர்ந்தால், முழுக்கப் புரியாவிட்டாலும் மூடிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன், தேவைப்பட்டால் பிறகு திரும்பி வரலாம்.

அப்படி விட்டுவிட்டுப் போன ஒன்றுதான் அடுக்குகள். வர்க்கம், கனம் எல்லாம் எதற்கு என்றே தெரியாமல் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் அம்மா மேஜையில் நான்கு எண்களை எழுதி வைத்தார். கனிமீடு சுற்ற 7.15 நாள், இன்னொரு நிலாவான காலிஸ்டோ சுற்ற 16.7 நாள், வியாழனிலிருந்து கனிமீடு 10.7 லட்சம் கிலோமீட்டர், காலிஸ்டோ 18.8 லட்சம். நாட்களை வகுத்து வர்க்கம் எடு, தூரங்களை வகுத்துக் கனம் எடு என்றார். இரண்டும் 5.4க்கு மேல் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நின்றன. இது வானியலாளர் கெப்ளர் 1619இல் வெளியிட்ட விதி என்று அம்மா அதற்குப் பிறகுதான் சொன்னார். நான் இரண்டு தடவை மறுபடி போட்டுப் பார்த்தேன், பிறகு அம்மாவும் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். அன்றைக்கு மேஜையை விட்டு எழுந்த பிறகும் இதையேதான் பேசிக்கொண்டிருந்தோம், ஒப்பந்தம் இருவருக்குமே நினைவில்லை.

தனிமை இல்லையா என்றால், உண்டு. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தெருவே அமைதியாகிவிடும், தோழிகள் எல்லோரும் வகுப்பில் இருப்பார்கள். அவர்கள் தங்கள் டீச்சரைப் பற்றிப் பேசிச் சிரிக்கும்போது நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன். அது வலிக்கத்தான் செய்கிறது, அதை மறைக்க விருப்பமில்லை.

இப்போது வியாழன் இருட்டும்போதே மேற்கே தாழ்ந்து நிற்கிறது. கொஞ்ச நாளில் சூரிய வெளிச்சத்துக்குள் போய்விடும், அப்புறம் சில வாரங்கள் பார்க்க முடியாது. நேற்று மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அம்மா நோட்டைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, இன்னும் ரெண்டு கனிமீடு இருக்கு" என்றேன்.