மெட்ராஸ் ஐ இல்லை: அம்மாவின் கண்ணில் ஆறு வருஷம் கழித்து வந்த சிவப்பு

அம்மாவுக்குப் புரையையும் க்ளாக்கோமாவையும் (கண் அழுத்த நோய்) சேர்த்து ஒரே தடவையில், மைட்டோமைசின்-சி என்ற தழும்பு தடுக்கும் மருந்தை வைத்து ஆபரேஷன் செய்து ஆறு வருஷம். 26-ல் இருந்த கண் அழுத்தம், அந்தக் கண்ணுக்குச் சொட்டு மருந்தே இல்லாமல் 12, 13-ல் நின்றது. எல்லாம் போன மாதம் வரை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கண் சிவந்து பீளை தள்ளியது. ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் போட்டால், எடுத்தவர் “மெட்ராஸ் ஐதான், திங்கட்கிழமை ஓபிக்கு வாங்க” என்றார். இந்த ஆபரேஷன் செய்த கண்ணுக்கு அந்தப் பேச்சே ஆகாது. கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிய வெள்ளைவிழியில் வைத்த திறப்பு தழும்பேறி மூடாமல் இருக்கத்தான் மைட்டோமைசின். ஓரிரு நிமிடம் பஞ்சில் நனைத்து வைத்துக் கழுவிவிடுவார்கள். அழுத்தம் வருஷக்கணக்கில் இறங்கி நிற்பதும் அதனால்தான்; வடியும் நீர் சேர்ந்து மேலிமைக்கு அடியில் உண்டாகும் நீர்க்கொப்புளத்தின் தோல் ரத்தக்குழாய் இல்லாமல் வெளிறி, மெலிந்துபோவதும் அதனால்தான். எத்தனை வருஷமானாலும் அது கசியலாம், கிருமி உள்ளே போகலாம்.

அன்று ராத்திரியே வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே அடுத்த சிக்கல்: டிஸ்சார்ஜ் சம்மரியில் புரை, லென்ஸ் பவர் மட்டுமே இருந்தது, மைட்டோமைசின் பெயரே இல்லை. “மேலிமையைத் தூக்கிப் பாருங்க டாக்டர்” என்று சொல்ல வேண்டியிருந்தது. சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். பச்சைப் படலத்தை அறுத்துக்கொண்டு மெல்லிய கோடாக நீர் இறங்கியது. கசிவால் அழுத்தம் 4-க்கு இறங்கியிருந்தது. கிருமி கொப்புளத்தைத் தாண்டவில்லை. மணிக்கொரு தரம் ஆன்டிபயாடிக் சொட்டு, மறுநாளே திரும்பப் பரிசோதனை. தொற்று அடங்கியதும் கசிவைத் தைத்தார்கள். பார்வை தப்பியது.

டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஆபரேஷனின் முழுப்பெயர், மருந்து, அதன் அளவு, எத்தனை நிமிடம் வைத்தார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். சிவப்பு, வலி, பீளை, திடீர் மங்கல், காரணமில்லாமல் கண்ணீர் வழிதல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடவே கூடாது. அழுத்தம் 5, 6 என்று வந்தால் ‘நன்றாகக் குறைந்திருக்கிறது’ என்று மகிழ வேண்டாம், ஏன் என்று கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில், திறப்பின் மேல் போட்ட தையலைத் தளர்த்தக் கூப்பிடும் நாளைத் தவறவிடாதீர்கள், அப்புறம் தளர்த்தினால் பலன் குறைவு. ஆபரேஷன் ஆகாத கண்ணுக்கு க்ளாக்கோமா சொட்டு வழக்கம்போலத் தொடர வேண்டும்; பலர் இரண்டுக்கும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள்.