சொடக்கு இல்லாமல் ஒரு வைத்தியம்

மூன்று வருடமாகக் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பல் தேய்க்கப் போவேன். கீழ்முதுகு பலகை மாதிரி இருக்கும். தைலம், வெந்நீர் ஒத்தடம், பெல்ட் எல்லாம் பார்த்தாயிற்று. எம்.ஆர்.ஐ.யில் இடுப்புப் பகுதியின் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்புக்கு நடுவில் ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருப்பதாக வந்ததும் வீட்டில் ஒரே பீதி. "வலியே இல்லாதவங்க ஸ்கேன்லயும் இது நிறைய வரும் சார், பயப்படாதீங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட் அம்மா. கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா என்று முதலில் கேட்டுக்கொண்டார். அதெல்லாம் இருந்தால் தொடமாட்டாராம், நேரே டாக்டரிடம் அனுப்பிவிடுவாராம்.

குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கை ஓரத்தை ஒவ்வொரு முள்ளெலும்பு மேலும் வைத்து, தாளம் போட்ட மாதிரி அழுத்தி அழுத்தி விட்டார். ஓரிடத்தில் மட்டும் "ஸ்" என்றேன். அங்கேயே நின்று அழுத்தத்தைக் குறைத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். மெயிட்லண்ட் என்ற ஆஸ்திரேலியர் வகுத்த முறையாம், அழுத்தத்தில் நாலு படி.

நான் 'மளுக்' சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவேயில்லை. அது எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் இல்லையாம், மூட்டு நீரில் வாயுக் குமிழி உருவாகும் சத்தமாம். இத்தனை நாள் ஏமாந்திருக்கிறேன்!

கை வைத்தியம் வலியைக் கொஞ்ச நேரம் தளர்த்தும், அந்த இடைவெளியில் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது அவர் கணக்கு. அதுதான் எனக்குக் கசக்கிறது.

ஆறாவது தடவை போய்வந்த பிறகு, இன்று நானே குனிந்து ஷூ லேஸ் கட்டினேன். மகளுக்குத்தான் வருத்தம், ஒரு தடவைக்கு அஞ்சு ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தாள்.