வேர்ட் உறைந்தது, கோளாறு அச்சுப்பொறியில் இருந்தது

நான் இலிகிதராகப் பணியாற்றும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் திருகோணமலை நகரில், கடற்காற்று நேராக வந்து மோதும் ஒரு சிறிய கட்டடத்தில் இயங்குகிறது. அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த கணினி 2023ஆம் ஆண்டு கார்த்திகை மழையோடு நின்றுபோனது. திறந்து பார்த்தபோது தாய்ப்பலகையின் இணைப்புகளில் உப்பு ஏறிப் பச்சை பூத்திருந்தது. வன்தட்டு மட்டும் பிழைத்தது. வருடாந்தப் பொதுக் கூட்டத்துக்குப் பத்து நாள்களே இருந்தன. ஐந்தொகை, கூட்ட அறிவித்தல், உறுப்பினர்களின் வைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். மாதம் முந்நூறு, நானூறு ரூபா எனச் சேமித்து வரும் முதியவர்கள் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் நிம்மதி அடைவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே இதை வெறும் கணினி வேலையாக என்னால் நினைக்க முடியவில்லை.

பழைய கணினியில் 32-பிட் விண்டோஸ் 7 இருந்தது. (32-பிட், 64-பிட் என்பவை ஒரு மென்பொருள் தரவை ஒரே தடவையில் எவ்வளவு பெரிய துண்டுகளாகக் கையாளும் என்பதைக் குறிக்கும் அளவுகள்.) அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் திகதியே முடிந்துவிட்டது என்றாலும், எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் எவரும் அதைத் தொடவில்லை. அதற்குப் பதிலாக வாங்கிய கணினி ஏற்கெனவே பாவிக்கப்பட்டுத் திருத்தப்பட்ட ஒன்று. அதில் 64-பிட் விண்டோஸ் 10 இருந்தது. முதல் நாளே பழைய இறுவட்டிலிருந்து எங்கள் கணக்கியல் மென்பொருளை நிறுவினேன். அது சிக்கலின்றி ஏறியது. அடுத்து, புதிதாக உரிமம் வாங்கிய மைக்ரோசொப்ட் ஒபிஸ் 2019ஐ நிறுவத் தொடங்கியபோது, கணினியில் 32-பிட் ஒபிஸ் நிரல்கள் சில இருப்பதால் 64-பிட் ஒபிஸை நிறுவ முடியாது என்ற அறிவிப்பு வந்து வேலை நின்றது. ஒபிஸே இல்லாத கணினியில் எந்த ஒபிஸ் தடுக்கிறது என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. அறிவிப்பை மூடாமல் நிதானமாக வாசித்தபோதுதான், தடுப்பது அக்சஸ் டேட்டாபேஸ் எஞ்சின் என்ற சிறு துணை நிரல் என்பது தெரிந்தது. கணக்கியல் மென்பொருள் தன் தரவுகளைத் திறப்பதற்காக அதைத் தானாகவே நிறுவியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு விடயத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னர் வந்த சிக்கல்களுக்கெல்லாம் இதுவே அடிப்படை. 64-பிட் விண்டோஸில் 32-பிட் செயலிகள் தடையின்றி ஓடும். அதற்கென்று ஓர் இணக்க அடுக்கு உள்ளேயே இருக்கிறது. ஆனால் ஒபிஸும் அதனுடன் சேர்ந்து இயங்கும் தரவு எஞ்சின் போன்ற துணைகளும் ஒரே பிட் அளவில் இருக்க வேண்டும். அச்சுப்பொறி போன்ற சாதனத்தைக் கணினியோடு பேசவைக்கும் நிரலான ட்ரைவரின் நிலையோ வேறு. அது செயலிக்கு அல்ல, விண்டோஸுக்கே பொருந்த வேண்டும். 64-பிட் விண்டோஸ் 32-பிட் ட்ரைவரை ஏற்காது. செயலி, துணை நிரல், ட்ரைவர் ஆகிய மூன்றுக்கும் மூன்று விதமான பொருத்தம் உண்டு என்பதை அன்று நான் அறிந்திருந்தால் நான்கு நாள்கள் மிஞ்சியிருக்கும்.

தரவு எஞ்சினை நீக்கினால் ஒபிஸ் ஏறும், ஆனால் கணக்கியல் மென்பொருள் திறக்காது. எங்களுக்குக் கணக்கேடு முக்கியம். 64-பிட் ஒபிஸின் பெரிய நன்மை மிகப் பெரிய எக்செல் கோப்புகளைக் கையாளும்போது கூடுதல் நினைவகத்தைப் பயன்படுத்துவதுதான். சில நூறு உறுப்பினர்களின் பட்டியலுக்கு அது தேவையே இல்லை. எனவே 32-பிட் ஒபிஸை நிறுவ முடிவு செய்தேன். 2019ஆம் ஆண்டிலிருந்து, நாம் வேறு ஒன்றைத் தெரிவு செய்யாவிட்டால் 64-பிட் பதிப்புத்தான் தானாக நிறுவப்படுகிறது; பதிவிறக்கும் பக்கத்தில் பிற தெரிவுகள் என்ற இடத்துக்குப் போய் 32-பிட் என்று குறிப்பாகத் தெரிவு செய்ய வேண்டும். மழையில் மின்சாரம் இரண்டு தடவை நின்றது. கைப்பேசியின் இணைய இணைப்பைக் கொண்டு, இரவு பத்து மணிக்கு மேல் வீட்டிலிருந்து முழு நிறுவற் கோப்பையும் இறக்கி, மறுநாள் பென் ட்ரைவில் எடுத்துச் சென்று நிறுவினேன். நிறுவல் தடையின்றி முடிந்தது.

ஆனால் வேர்டைத் திறந்தால் ஒபிஸின் முகப்புப் படம் தோன்றி, வெள்ளைத் தாள் வந்து, அத்தோடு உறைந்து நின்றது. ஒரு நிமிடம், சில வேளைகளில் மூன்று நிமிடங்கள் கழித்து அசையும். பக்க அமைப்பைத் தொட்டால் மீண்டும் உறையும். எக்செலும் அப்படியே. நிறுவல்தான் பழுது என்று நம்பினேன். கட்டுப்பாட்டுப் பலகத்தில் விரைவுத் திருத்தத்தைச் செய்தேன். பிறகு இணையவழித் திருத்தம். பிறகு முழுவதையும் நீக்கி மீண்டும் நிறுவினேன். மூன்று நாள்கள் இப்படியே போயின. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு வேர்டைத் திறந்தால், இணைப்பு நிரல்கள் எதுவும் இல்லாத பாதுகாப்பு முறையில் அது திறக்கும். அதையும் செய்து பார்த்தேன், அங்கும் உறைந்தது. இந்தச் சோதனையின் பெறுமதியை அப்போது நான் உணரவில்லை. பாதுகாப்பு முறையிலும் உறைகிறது என்றால் கோளாறு இணைப்பு நிரலில் இல்லை. வேர்ட் தனக்கு வெளியே உள்ள எதற்காகவோ காத்திருக்கிறது என்றுதான் நான் நினைத்திருக்க வேண்டும்.

“பிள்ளை, இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. கையாலே எழுதிப் போட்டோக்கொப்பி எடுப்பமோ?” என்று தலைவர் கேட்டார். அவர் என்னைக் குறை கூறவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். இன்னும் ஒரு நாள் தாருங்கள் ஐயா என்று சொன்னேன்.

அன்று மாலை கிண்ணியாவில் இருக்கும், நான் நானா (அண்ணன்) என்று அழைக்கும் நண்பர் ஒருவருக்கு அழைப்பெடுத்தேன். அவர் பாடசாலைகளின் கணினி அறைகளைப் பராமரிப்பவர். நான் திருத்தங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லத் தொடங்கியதும் அவர் இடைமறித்தார். “தங்கச்சி, நீங்க செய்ததைப் பிறகு சொல்லுங்க. வேர்ட் உறைஞ்சு நிற்கிற நேரம் டாஸ்க் மனேஜரைத் திறந்து, அந்தப் பட்டியலிலே புதுசா என்ன பேர் வந்திருக்கு என்று மட்டும் பாருங்க.” பார்த்தேன். வேர்டுக்கு அருகில் எஸ்பிஎல்வாவ்64 என்று ஒரு பெயர் தோன்றியிருந்தது. “அப்ப அது பிரின்டர்” என்றார் நானா.

அந்தச் சிறு நிரலின் வேலை, 32-பிட் செயலி ஒன்று 64-பிட் அச்சு ட்ரைவருடன் பேச வேண்டியிருக்கும்போது நடுவில் நின்று மொழிபெயர்ப்பது. நான் எதையும் அச்சிடாமலே அது ஏன் எழுந்தது? வேர்டும் எக்செலும் ஆவணத்தைத் திறக்கும்போதே இயல்பு அச்சுப்பொறியின், அதாவது நாம் வேறொன்றைத் தெரிவு செய்யாதபோது விண்டோஸ் எடுத்துக்கொள்ளும் அச்சுப்பொறியின், ட்ரைவரிடம் தாளின் அளவு என்ன, ஓரத்தில் எவ்வளவு இடம் அச்சாகாது என்பன போன்ற விவரங்களைக் கேட்கின்றன. ட்ரைவர் பதில் தராவிட்டால் அவை காத்து நிற்கும். அந்தக் காத்திருப்புத்தான் நமக்கு உறைதலாகத் தெரிகிறது.

நானா சொன்னபடி, கணினியோடு வரும், தாளில் அல்லாமல் கோப்பாகவே அச்சிடும் மைக்ரோசொப்ட் பிரின்ட் டு பீடிஎப் என்பதை இயல்பு அச்சுப்பொறியாக மாற்றினேன். வேர்டைச் சொடுக்கிய மறுகணமே அது திறந்தது. எக்செலும் திறந்தது. அந்த அறையில் தனியாக இருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன். மறுநாள் காலையில் மீண்டும் உறைந்தபோது மனம் சோர்ந்தது, காரணம் சிறியது. இயல்பு அச்சுப்பொறியை விண்டோஸே நிர்வகிக்கட்டும் என்ற தெரிவு அமைப்புகளில் இயங்கு நிலையில் இருந்தது. கடைசியாக எதில் அச்சிட முயன்றோமோ அதையே அது இயல்பாக்கிவிடும். முந்தைய நாள் மாலை நான் எங்கள் லேசர் அச்சுப்பொறியில் ஒரு சோதனைத் தாள் கொடுத்துப் பார்த்திருந்தேன். அந்தத் தெரிவை அணைத்ததும் இந்தத் தொல்லை நின்றது.

இனி மீதமிருந்தது லேசர் அச்சுப்பொறியின் ட்ரைவர். அதனோடு வந்த இறுவட்டு 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா ஆகியவற்றுக்கு மட்டும் உரியது. கணினியை எங்களுக்குத் தயார்செய்து தந்தவர், பல ட்ரைவர்கள் அடங்கிய தொகுப்பு ஒன்றிலிருந்து, எங்களுடையதைப் போன்ற மாதிரி எண் கொண்ட வேறொரு அச்சுப்பொறியின் 64-பிட் ட்ரைவரை ஏற்றியிருந்தார். பட்டியலில் பெயர் சரிபோலத் தெரிந்ததால் நானும் ஐயுறவில்லை. டிவைஸ் மனேஜரில் சாதனத்தின் வன்பொருள் அடையாள எண்ணைப் பார்த்தால்தான், கம்பியின் மறுமுனையில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது தெரியும். பெயர் பட்டியல் அதைச் சொல்லாது.

பழைய ட்ரைவரை நீக்குவது நான் எண்ணியதைவிடக் கடினமாக இருந்தது. அச்சுப்பொறியின் படத்தை நீக்கினால் ட்ரைவர் போய்விடாது. அது உள்ளே தங்கி, கம்பியை மீண்டும் செருகியதும் அதே பெயரில் திரும்ப வரும். பிரின்ட் சேர்வர் பண்புகள் என்ற சாளரத்தின் ட்ரைவர்கள் பகுதியில், ட்ரைவரையும் அதன் பொதியையும் சேர்த்து நீக்கும் தெரிவு இருக்கிறது. அதைக் கொடுத்தபோது, ட்ரைவர் பயன்பாட்டில் உள்ளது என்று மறுத்தது. முன்னர் நான் கொடுத்த சோதனைத் தாள்கள் வரிசையில் சிக்கிக் கிடந்ததே காரணம். அச்சு வரிசையை நிர்வகிக்கும் பிரின்ட் ஸ்பூலர் சேவையை நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரின்டர்ஸ் என்ற கோப்புறையில் தேங்கியிருந்த கோப்புகளை மட்டும் அழித்தேன். பக்கத்திலுள்ள மற்றக் கோப்புறைகளைத் தொடவில்லை, தொடவும் கூடாது. பிறகு கம்பியைக் கழற்றி, ஸ்பூலரைத் தொடக்கி, வேறு எதையும் திறக்காமல் உடனே நீக்கினேன். அப்போதுதான் அது போனது.

புதிய ட்ரைவரைத் தேடும் முன் நானா இன்னொரு வேலை சொன்னார். அச்சுப்பொறியின் முன்பக்கப் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால், கணினியின் துணையின்றியே தன் விவரங்களை ஒரு தாளில் அச்சிட்டுத் தரும். எங்கள் அச்சுப்பொறி தந்த தாளில், அதற்குத் தெரிந்த மொழிகளுள் (பக்கத்தை எப்படி அச்சிடுவது என்று கணினி கட்டளையிடும் மொழிகள்) பிசிஎல் 6 என்பதும் இருந்தது. இது பெரிய நல்வாய்ப்பு. சில மலிவான லேசர் அச்சுப்பொறிகளுக்குச் சொந்த மொழி கிடையாது. பக்கத்தைக் கணினியே புள்ளி புள்ளியாக வரைந்து அனுப்ப வேண்டும், ஆகவே அதற்கென்று எழுதப்பட்ட ட்ரைவர் இல்லாவிட்டால் வேறு வழி இல்லை. பிசிஎல் தெரிந்த அச்சுப்பொறிக்குப் பொதுவான ட்ரைவர் போதும். கம்பியைச் செருகிய பின், அச்சுப்பொறியைக் கையால் சேர்க்கும் வழியில் சென்று, ஏற்கெனவே இருந்த யூஎஸ்பி வாயிலைத் தெரிவு செய்து, விண்டோஸ் 10இலேயே உள்ள மைக்ரோசொப்ட் பிசிஎல்6 கிளாஸ் ட்ரைவரை ஏற்றினேன். முதல் தாள் சுத்தமாக வந்தது. டோனரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் தெரிவு இதில் இல்லை என்பது ஒரு குறைதான். வேர்ட் உறையாததற்கு அந்த விலையை மனமாரக் கொடுத்தேன்.

அதன் பின் எழுத்துருக்கள். பழைய வன்தட்டிலிருந்து எடுத்த அறிவித்தல்களில் பாதி ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தன. அவை பாமினியில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைப்பதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கிலமே தெரியும். எழுத்துருவை நிறுவியதும் அவை தமிழாயின. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடில் இருந்த கோப்புகள் வாசிக்கக்கூடியவையாக இருந்தாலும், ஒரு பக்கத்தில் அடங்கியவை இரண்டு பக்கமாக நீண்டன. தமிழுக்கான லதாவும் சிங்களத்துக்கான இஸ்கோல பொத்தவும் விண்டோஸ் 10இல் கூடுதல் எழுத்துருக்களாகத் தனியே சேர்க்கப்பட வேண்டியவை; அதுவரை வேறு எழுத்துரு அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. விருப்பத் தெரிவு வசதிகள் என்ற பகுதியில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் உரியவற்றைச் சேர்த்ததும் இரு மொழி அறிவித்தல்களும் பழையபடி ஒவ்வொரு பக்கத்தில் அடங்கின.

சேமிப்புப் புத்தகங்களில் பதியும் ஊசி அச்சுப்பொறியைக் கூட்டம் முடிந்த பிறகே தொட்டேன். புதிய கணினியில் அதற்கான அகன்ற வாயில் இல்லாததால் மாற்றுக் கம்பி ஒன்று வாங்க வேண்டியிருந்தது. வேறு தொல்லை தரவில்லை.

கூட்டத்துக்கு மூன்று நாள்கள் இருக்கையில் ஐந்தொகை அச்சாகி முடிந்தது. தலைவர் முதல் தாளைச் சன்னலோரம் கொண்டுபோய், சிங்களப் பக்கத்தை ஒருமுறை, தமிழ்ப் பக்கத்தை ஒருமுறை என முழுவதும் வாசித்துவிட்டு, “எழுத்து வடிவாத் தெரியுது, பிள்ளை” என்றார்.

விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவடைந்தது. எங்கள் கணினியின் புரோசசர் விண்டோஸ் 11க்கு உரிய பட்டியலில் இல்லை. ஆகவே இன்னொரு கணினி வாங்குவது பற்றிச் செயற்குழு பேசத் தொடங்கியது. விண்டோஸ் 11இல் 32-பிட் பதிப்பே கிடையாது. விலைமனு கோரும் முன் என் மைத்துனரின் விண்டோஸ் 11 மடிக்கணினியை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, லேசர் அச்சுப்பொறியை அதே பிசிஎல்6 ட்ரைவரில் இணைத்து, கணக்கியல் மென்பொருளையும் 32-பிட் தரவு எஞ்சினையும் நிறுவி, கடந்த ஆண்டின் ஐந்தொகையைத் திறந்து அச்சிட்டுப் பார்த்தேன். இரு மொழியிலும் பக்கத்துக்குள் அடங்கி வந்த அந்தத் தாளைச் செயற்குழுவின் கூட்ட அறிக்கையோடு இணைத்துக் கொடுத்திருக்கிறேன்.