வாசல் நிலைமேல் ஓர் ஆணை

23.1.2025, வியாழன், பினாங்கு

குடிவந்த பழைய வீட்டில் ஒட்டடை அடிக்கும்போது, வாசல் நிலைக்கு மேல் ஒட்டியிருந்த ஒரு நீளத் தாள் கண்ணில் பட்டது. மஞ்சள் வெளிறித் தேநீர்க் கறைபோல் ஆகிவிட்ட அந்தத் தாளில், சிவப்புத் தூரிகைக் கோடுகள் கறுத்திருந்தும் ஒரு வளைவுகூட அழியவில்லை. சுரண்டக் கை ஓங்கிய என்னைப் பக்கத்து வீட்டு ஹொக்கியன் சீன ஆன்ட்டி தடுத்தார். அது ‘ஹூ’, வீட்டைக் காக்கும், சீனர்களின் தாவோ சமயத் தாள் என்றும், அதைக் கிழித்து எறியக் கூடாது, முறைப்படி எரிக்க வேண்டும் என்றும் சொன்னார். அடுப்பங்கரைத் தெய்வத்தை வானுலகுக்கு வழியனுப்பும் நாள் இன்று என்பதால், அவருக்கு நின்று பேச நேரமில்லை.

26.1.2025, ஞாயிறு

இன்று ஆன்ட்டி நாற்காலிமேல் ஏறி நின்று விளக்கினார். உச்சியிலுள்ள மூன்று சுழிப்புகள் மும்மைத் தூயோர் எனப்படும் தாவோ சமயத்தின் தலைமைத் தெய்வங்களைக் குறிக்கின்றன. அதன் கீழே ‘கட்டளை’ என்று பொருள்படும் இரண்டு எழுத்துகள் உள்ளன. ‘ஹூ’ என்பதை எழுதும் சீன எழுத்துக்கே முதற்பொருள், இரண்டாகப் பிளந்து, மன்னரிடம் ஒரு பாதியும் தளபதியிடம் மறுபாதியுமாக இருந்து, இரண்டும் பொருந்தினால்தான் படை நகரும் என்ற அடையாளச் சின்னம். ‘சட்டப்படி விரைந்து நிறைவேற்றுக’ என்று இத்தாள்களில் வரும் முடிப்புத் தொடரும் பண்டைச் சீனாவின் ஹான் பேரரசு அலுவல் ஆவணங்களிலிருந்து வந்ததே. நாள் முழுதும் அலுவலகக் கடிதம் வரைபவன் என்பதால் இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது: இது படமன்று, தீய ஆவிகளுக்கு விடுக்கப்பட்ட ஆணை. ஆணையில் எழுத்துப் பிழை இருக்கலாகாது. படியெடுப்போர் கையில் எழுத்துகள் திரிந்துபோவதால்தான் இத்தாள்கள் பலிப்பதில்லை என்று 4ஆம் நூற்றாண்டிலேயே தாவோ சமய அறிஞர் கெ ஹோங் வருந்தி எழுதியிருக்கிறார்.

பழைய முறையில் இதை எழுதும் சிவப்பு மை நம் சித்த மருத்துவம் அறிந்த சாதிலிங்கம்தான். வெளிச்சத்தில் அது கறுக்கும். கோடுகள் கறுத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பாதரசம் கலந்த பொருள் என்பதால், தாளை எரித்துச் சாம்பலை நீரில் கலந்து குடிக்கும் வழக்கத்தை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

5.2.2025, புதன்

இன்றிரவு வானுலகை ஆளும் தெய்வமான ஜேட் பேரரசரின் பிறந்தநாள் வழிபாடு, தெருவெங்கும் கரும்பு. ஆன்ட்டி பழைய தாளை ஈரத்துணியால் நனைத்து, ஓரம் பிய்யாமல் உரித்து, நெருப்பிலிட்டுக் கைகூப்பினார். கோயிலிலிருந்து அவர் வாங்கிவந்த புதிய தாள் அச்சிட்டது. தூரிகை தடித்து மெலியும் அழகு அதில் இல்லை, எனக்கு அது குறையாகவே பட்டது. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மாவிலைத் தோரணத்துக்கு மேலே, பழைய தாள் விட்டுச்சென்ற வெளிறிய கட்டத்துக்குள் அதை நானே ஒட்டினேன்.