இரண்டே இரண்டு மாத்திரை

மும்பை மாட்டுங்காவில் ஒரு மருந்துக்கடையில், மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத அசித்ரோமைசின் என்னும் ஆண்டிபயாட்டிக் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, காய்ச்சலென்று வந்தவரிடம் இரண்டே இரண்டு மாத்திரைகளைக் கொடுத்தார்கள்.

அவருக்குப் பின்னால் முகக்கவசத்துடன் நின்ற எங்கள் மாடிவீட்டு மாமி, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க நாள்தோறும் விழுங்கும் டாக்ரோலிமஸ் வாங்க வந்திருந்தார்.

அம்மருந்து எதிர்ப்பாற்றலைத் தணித்துத்தான் உறுப்பைக் காக்கிறது. ஆகவே பாக்டீரியா தொற்றினால் ஆண்டிபயாட்டிக்தான் அவருக்குத் துணை.

ஆனால், முன்னால் நின்றவர் வாங்கியதுபோல் தேவையின்றியும் அரைகுறையாகவும் விழுங்கும் ஆண்டிபயாட்டிக்குகள், பாக்டீரியாக்களை மருந்துக்கு அடங்காதவையாக்குகின்றன. கார்பபெனம் என்னும் வீரியமிக்க ஆண்டிபயாட்டிக்குகளுக்கும் அடங்காத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா மாமிக்குத் தொற்றிவிட்டால், கடைசிப் புகலிடங்களில் ஒன்றான கோலிஸ்டின் மருந்தோ சிறுநீரகத்தையே பழுதாக்கக்கூடியது. எவ்வளவு கொடுமை இது!

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக, 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் உயிரிழந்ததாக, 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது.