‘இதை நான் தொடக்கூடாது’ என்ற அண்ணன்

கோலாலம்பூரில் வாடகைக்கு வீடு பிடிப்பதைவிட, பிடித்த வீட்டைக் குடியிருக்கும்படி ஆக்குவதுதான் பெரிய வேலை. இரண்டு மாத முன்பணம், கரண்டுக்கும் தண்ணீருக்கும் அரை மாதம், முதல் மாத வாடகை எல்லாம் கொடுத்துச் சாவி வாங்கி உள்ளே போனால், சமையலறை அலமாரியும் ஏசியும் இருக்கும். கட்டில், பீரோ, திரைச்சீலைக் கம்பி, துணி காயப்போடக் கொடி, ஒன்றும் இருக்காது. கோவையில் இதற்கெல்லாம் அப்பாவின் போனில் ஆசாரி, எலெக்ட்ரீஷியன், பிளம்பர் என்று ஆளாளுக்கு நம்பர் இருக்கும். இங்கே யாரைக் கேட்பது? புதிதாக வரும் குடும்பங்கள் பள்ளிக்கூடத்துக்கு அடுத்தபடியாக என்னிடம் கேட்பதே இதுதான்.

எங்களுக்கு ஆள் கிடைத்தது செந்தூலில் ஒரு ஹார்ட்வேர் கடை மூலமாக. அதற்கு முன்பு ஆன்லைனில் தேடிப் பார்த்தோம். போட்டோவைப் பார்த்து ஒரு கூலி சொன்ன ஒருவர், வீட்டுக்குள் வந்து நின்றதும் வேறு கூலி சொன்னார். ஹார்ட்வேர் கடைக்காரருக்கு யார் நல்ல பொருளாகப் பார்த்து வாங்குகிறார், யாரைப் பற்றிப் புகார் வருகிறது என்பதெல்லாம் தெரிந்திருக்கும். அதனால் அங்கே விசாரிப்பது எவ்வளவோ மேல். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் தமிழ் பேசும் வேலையாட்களும் கிடைப்பார்கள். மலாய் வராத எங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

கடைக்காரர் காட்டிவிட்ட அந்த வேலையாளை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அறுபதை ஒட்டிய வயது. சிலாங்கூரில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் வீட்டுமனைகளானபோது நகரத்துக்கு வந்தவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “பசியாறிட்டீங்களா தங்கச்சி?” என்று கேட்டுக்கொண்டுதான் நுழைவார்.

முதல் வேலை, ஐக்கியாவில் வாங்கிய துணி அலமாரி. முத்தியாரா டாமன்சாரா கடையிலிருந்து தட்டையான பெட்டிகளாக வந்து நடுக்கூடத்தில் கிடந்தது. அதன் செய்முறைத் தாளில் எழுத்தே கிடையாது, எல்லாம் படம்தான். அண்ணன் தாளை முழுக்கப் புரட்டிவிட்டு, ஆணிகளை வகைவகையாகச் சின்னக் கிண்ணங்களில் பிரித்தார். எந்தத் திருகையும் ஒரேயடியாக முறுக்கவில்லை. எல்லாவற்றையும் பாதி முறுக்கி நிறுத்தினார். பிறகு அளவுநாடாவால் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்தார். இரண்டும் ஒத்து வந்த பிறகுதான் பின்பலகைக்கு ஆணி அடித்து, மற்ற திருகுகளை இறுக்கினார். மின் திருப்புளி பையில் இருந்தும் கையாலேயே முறுக்கினார். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை இது, ஒருமுறை திருகு பிடி விட்டுப்போனால் மறுபடி நிற்காது என்றார்.

நான் அலமாரியை வைக்கச் சொன்ன இடம் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர். “அங்க வேணாம், பூஞ்சை புடிக்கும்” என்று உள்சுவருக்கு மாற்றினார். இந்த ஊர் ஈரப்பதத்தில் வெளிச்சுவரை ஒட்டி வைத்த அலமாரியில் பட்டுப்புடவை என்ன ஆகும் என்று இப்போது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டேன்.

உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைத்தே ஆக வேண்டும். குழந்தை இழுப்பறையில் கால் வைத்து ஏறினால் முழு அலமாரியும் அதன்மேல் சாயும். 2016இல் ஐக்கியா அமெரிக்காவிலும் கனடாவிலும் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றதற்கே காரணம், அவை சாய்ந்து குழந்தைகள் இறந்ததுதான். ஆனால் சுவரில் அடிக்கும் திருகு பெட்டிக்குள் வராது. சுவர் எந்த வகை என்று பார்த்து நாம்தான் வாங்க வேண்டும். அண்ணன் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். பொத்தென்று கேட்டால் ஜிப்சம் பலகைத் தடுப்பு, அதற்குப் பின்னால் விரிந்து திருகைப் பிடிக்கும் பிளக் வேண்டும். கெட்டியாகக் கேட்டால் செங்கல் அல்லது கான்கிரீட். புதிய அடுக்குமாடிகளில் பல சுவர்கள் முழுக் கான்கிரீட், சாதாரண டிரில் உள்ளே இறங்காது. சுவிட்சுக்கும் பிளக் பாயின்டுக்கும் நேர் மேலேயோ கீழேயோ துளை போடவே கூடாதாம், வயர் அந்த நேரில்தான் ஓடும். துளை போடும் இடத்துக்குக் கீழே ஒரு பழைய கடித உறையை வாய் திறந்தபடி டேப்பால் ஒட்டினார். தூள் அத்தனையும் அதற்குள் விழுந்தது. வேலை முடிந்து நான் துடைப்பத்தை எடுக்கவே தேவைப்படவில்லை.

அப்புறம் ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி. இங்கேயும் நம்மூர் மாதிரியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதனால் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் தேவையில்லை. பிளக்தான் வேறு, சதுரக் கால் மூன்று, உள்ளே ஒரு ஃப்யூஸ். கடையில் பிளக்கோடு பெரும்பாலும் 13 ஆம்பியர் ஃப்யூஸ்தான் வரும். 750 வாட் மிக்ஸி மூன்றரை ஆம்பியர்கூட இழுக்காது. அண்ணன் அதைக் கழற்றிவிட்டு 5 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டார். சின்ன விஷயம்தான். ஆனால் வயர் சூடாகிக் கருகுவதற்கு முன்னால் ஃப்யூஸ் போக வேண்டும் என்பதை நினைத்துச் செய்கிறவர்கள் குறைவு.

இத்தனை செய்தவர், குளியலறை வாட்டர் ஹீட்டர் சூடாகவில்லை என்று காட்டியபோது சுவிட்சை அணைத்துவிட்டு, “இதை நான் தொடக்கூடாதும்மா. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்க, நம்பர் நான் தரேன்” என்றார். அவர் மீது எனக்கு முழு நம்பிக்கை வந்தது அப்போதுதான். ஐம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்டைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்) கழற்றிப் பார்த்து ஏதாவது ஒட்டுப்போட்டுத் தருகிறேன் என்று சொல்ல இந்த ஊரில் ஆள் உண்டு. மலேசியாவில் வீட்டு வயரிங்கைத் தொட எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஒற்றை ஃபேஸுக்கும் மூன்று ஃபேஸுக்கும் அது தனித்தனி. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் இடம் என்பதால் குளியலறை ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரண்டை வெட்டும் ஆர்.சி.டி. வேண்டும் என்பது விதி. வந்த வயர்மேன் மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தால், எங்கள் வீட்டில் அது இல்லவே இல்லை. முந்தைய குடித்தனக்காரர்கள் அதே ஷவரில்தான் தினமும் குளித்திருக்கிறார்கள்! ஆர்.சி.டி. போட்டுவிட்டு வயர்மேன் எழுதிக் கொடுத்த பில்லை வீட்டுக்காரருக்கு அனுப்பினோம், வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சுவரோடு பொருத்திய சாதனம் யார் பொறுப்பு, சில்லறை ரிப்பேர் எந்தத் தொகை வரை நம் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்றும் வயர்மேன் சொல்லிக் கொடுத்தார். இங்கே சாயங்கால இடிமழை பலமாக இருக்கும், மெயின் டிரிப் ஆவது சகஜம். அந்தப் பெட்டியில் இருக்கும் எல்லாச் சுவிட்சையும் இறக்கி, மெயினை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எதைப் போடும்போது மறுபடி விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. ஆர்.சி.டி.யில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

ஆளைக் கூப்பிடுவதற்கு முன் அடுக்குமாடி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எங்கள் குடியிருப்பில் டிரில் சத்தத்துக்கு வார நாட்களில் பகல், சனிக்கிழமை மதியம் வரை அனுமதி, ஞாயிறு கிடையாது. காவலாளியிடம் முன்பே பெயர் கொடுக்காவிட்டால் வேலையாள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். கூலி பேசும்போது பொருள் யார் வாங்குவது, டோல், பார்க்கிங் யார் கொடுப்பது என்பதையும் சேர்த்துப் பேசி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பெயின்ட், ஃபேன் என்று எல்லா வீட்டிலும் வேலை இருக்கும், அண்ணன் கையில் கிடைக்க மாட்டார். தைப்பூசத்தன்று கூப்பிடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பத்துமலையில் தண்ணீர்ப்பந்தல் வேலை இருக்கிறதாம். பால்கனியில் கொடி கட்டுவது பாக்கி, அதை அதற்கடுத்த சனிக்கிழமைக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.